உண்ணும் வாய், அழைக்கும் வாய்

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் நண்டை வைத்தே பத்துப் பாடல்கள் உண்டு. ‘களவன் பத்து’ என்று பெயர். பாடியவர் ஓரம்போகியார். அந்தப் பத்தில் நான்காவது பாடல் தலைவனின் ஊர் எப்படிப்பட்டது என்று சொல்ல இரண்டு உயிர்களைக் காட்டுகிறது. ஒன்று, தன் தாய் சாகும்படி பிறக்கும் புள்ளி நண்டு. மற்றொன்று, தான் ஈன்ற குட்டியையே தின்னும் முதலை. பிள்ளை பெற்றோரைக் கொல்வதும் பெற்றோர் பிள்ளையை உண்பதும் இரண்டே அடிகளில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. பெண்களின் நலனை உண்டு, பிறகு கைவிட்டுப் போகும் ஒருவனைப் பற்றிய பேச்சு அது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனிடம் அன்பை எங்கே தேடுவது என்பது உள்ளே கிடக்கும் பொருள். குட்டியைத் தின்னும் முதலை அதே நூலின் 41ஆம் பாடலிலும் வருகிறது. அங்கே அது அன்பில்லாத முதலை என்றே சொல்லப்படுகிறது.

இந்த இரண்டு உயிர்களும் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்த்தால் செய்தி வேறாக இருக்கிறது. நம் வயல் நண்டுகளில் தாய் முட்டைகளைத் தன் வயிற்று மடிப்பின் கீழ் ஒட்டவைத்துக்கொண்டு திரிகிறது. பொரித்த பிறகும் குஞ்சுகள் சில காலம் அந்த மடிப்புக்குள்ளேயே இருக்கின்றன. தாயின் உடலைப் பிளந்துகொண்டு வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். முதலையின் கதை இதைவிட வியப்பானது. நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் முதலை கரையில் குழி தோண்டி முட்டையிடுகிறது. பொரிக்கும் நேரம் வந்ததும் குட்டிகள் முட்டைக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கின்றன. அந்தக் குரலைக் கேட்டுத் தாய் குழியைத் தோண்டுகிறது. பிறகு குட்டிகளை வாயால் கவ்வி எடுத்து, நீருக்குக் கொண்டுபோய் விடுகிறது. மாமல்லபுரம் அருகே 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில், ஆண் முதலையும் இப்படிக் குட்டிகளைச் சுமப்பதைக் கவனித்திருக்கிறார்கள். பெரிய முதலைகள் சிறு முதலைகளைத் தின்பதும் நடப்பதுதான். ஆகவே புலவரின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. கரையில் நின்று பார்ப்பவருக்குச் சுமக்கும் வாயும் தின்னும் வாயும் ஒன்றுபோலவே தெரியும்.

பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் விழுங்கும் தொன்மக் கதைகளைப் பல காலமாகப் படித்து வந்ததில், இந்த முதலையின் வாயை என்னால் மறக்க முடியவில்லை. குட்டி உள்ளே போகிறது என்பதுவரை எல்லாக் கதைகளும் ஒன்றுதான். திரும்பி வந்ததா, யாராவது கூப்பிட்டார்களா என்பதில்தான் அவை பிரிகின்றன.

இவற்றுள் உலகம் நன்கறிந்தது கிரேக்கத்தின் குரோனஸ் கதை. கி.மு. 700 அளவில் ஹெசியோட் பாடிய ‘தியோகோனி’ என்னும் கடவுளர் பிறப்புப் பாடலில் அது இருக்கிறது. குரோனஸின் தந்தை யுரேனஸ், அதாவது வானம், தன் பிள்ளைகளைப் பிறக்கவே விடாமல் பூமித்தாயின் உள்ளேயே தள்ளி அடைத்து வைத்தான். வலி தாங்காத தாய் அரிவாள் ஒன்றைச் செய்து மகன் குரோனஸிடம் கொடுத்தாள். அவன் தந்தையின் ஆண்மையை அறுத்து ஆட்சியைப் பிடித்தான். தன் மகன் ஒருவனால் தானும் வீழ்வான் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே மனைவி ரேயா பெற்ற பிள்ளைகளைப் பிறந்த கையோடு வாங்கி விழுங்கினான். ஹெஸ்டியா, டெமிட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் என்று ஐந்து பேர். ஆறாவதாக ஜீயஸ் பிறந்தபோது ரேயா குழந்தையைக் கிரீட் தீவில் ஒளித்துவிட்டு, ஒரு பெருங்கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் அதையும் விழுங்கினான். ஜீயஸ் வளர்ந்து வந்ததும், கடைசியில் உள்ளே போன கல் முதலில் வெளியே வந்தது. அதன் பின்னால் ஐந்து பிள்ளைகளும் உயிரோடு வந்தார்கள்.

இந்தக் கதையில் பசி எங்குமே இல்லை. குரோனஸ் மெல்லுவதில்லை, பல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. ஸ்பெயின் ஓவியர் கோயா 1819க்கும் 1823க்கும் இடையில் தன் வீட்டுச் சுவரில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் இந்த இடத்தில் நம் நினைவைக் குழப்பிவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவன் விழி பிதுங்க ஓர் உடலைக் கடித்துக் குதறுகிறான். தலை ஏற்கெனவே போய்விட்டது. கடிபடும் உடல் குழந்தையுடையது போலவும் இல்லை. வளர்ந்த ஆளின் இடுப்பும் கால்களும் தெரிகின்றன. ஓவியத்துக்குக் கோயா பெயர் எதுவும் வைக்கவில்லை. தன் மகனைத் தின்னும் சாட்டர்ன், அதாவது குரோனஸ், என்ற தலைப்பு பிறர் வைத்தது. ரூபன்ஸ் 1636இல் தீட்டிய படத்திலும் தந்தை குழந்தையின் மார்பைக் கடிக்கிறான். ஓவியர்கள் இருவரும் கொலையைக் கண்டார்கள். ஹெசியோட் சொல்வது அடைத்து வைத்தலை. யுரேனஸ் பிள்ளைகளைத் தாயின் வயிற்றில் அடைத்தான். அந்த வழி தோற்றதைப் பார்த்த மகன், தாயை நம்பாமல் தன் வயிற்றிலேயே அடைத்துக்கொண்டான். பெற்றெடுக்கும் ஆற்றலைப் பெண்ணிடமிருந்து பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும் முயற்சியாகவே இதைப் படிக்கிறேன். ஜீயஸ் இன்னும் ஒரு படி மேலே போனான். மெட்டிஸ் என்னும் அறிவுத் தெய்வம் கருவுற்றிருந்தபோது அவளையே விழுங்கிவிட்டான். அவள் மகள் அதீனா பிறகு தந்தையின் தலையிலிருந்து பிறந்தாள்.

கிரேக்கர்களுக்கு முன்பே இந்தக் கதை வேறு மொழியில் இருந்தது. இன்றைய துருக்கியின் போகாஸ்கோயில் ஹிட்டைட் பேரரசின் தலைநகரமான ஹட்டுசா புதைந்து கிடந்தது. 1906இல் தொடங்கிய அகழாய்வுகளில் அங்கே ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் குமார்பியின் கதை இருக்கிறது. வானக் கடவுளான அனுவின் பணியாளாக ஒன்பது ஆண்டு இருந்த குமார்பி, அவன்மீது பாய்ந்து அவனது ஆண்மையைக் கடித்து விழுங்கிவிடுகிறான். சிரித்து மகிழும் அவனிடம் அனு சொல்கிறான்: மகிழாதே, உன் வயிற்றுக்குள் பெரும் சுமையை வைத்திருக்கிறேன், இடிக் கடவுள் உனக்குள் வளர்கிறான். ஆண் கடவுள் கருவுற்றுவிட்டான். எவ்வழியாக வெளியேறுவது என்று உள்ளே இருக்கும் குழந்தையோடு விவாதம்கூட நடக்கிறது. பின்னால் குமார்பி தின்பதற்குப் பிள்ளையைக் கேட்கிறான். கல் ஒன்று கொடுக்கப்படுகிறது. அதைக் கடித்துப் பல்வலியால் அலறுகிறான். பலகை உடைந்திருப்பதால் கதையில் இடைவெளிகள் உண்டு. ஆனாலும் கல்லும் வயிறும் ஆட்சிப் பயமும் ஹெசியோடுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இணைந்துவிட்டன என்பதில் ஐயமில்லை.

அந்தக் கல்லுக்குப் பிற்காலத்தில் ஒரு நல்வாழ்வு கிடைத்தது. குரோனஸ் கக்கிய கல் என்று சொல்லப்பட்ட ஒன்று டெல்ஃபி கோயிலில் இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியஸ், அதற்கு நாள்தோறும் எண்ணெய் ஊற்றுவதையும் திருநாள்களில் நூற்காத கம்பளி சாத்துவதையும் எழுதி வைத்திருக்கிறார். குழந்தைக்குப் பதிலாக விழுங்கப்பட்ட கல்லுக்குக் குழந்தைக்குச் செய்வது போலவே எண்ணெய்க் காப்பும் துணியும். எந்தத் தமிழ்க் கிராமத்துக் கோயிலிலும் எவரும் விளக்கிச் சொல்லாமல் புரியும் காட்சி.

குரோனஸ் என்ற பெயரும், காலத்தைக் குறிக்கும் குரோனோஸ் என்ற கிரேக்கச் சொல்லும் வேறு வேறு. ஆனாலும் பழங்காலத்திலேயே இரண்டையும் ஒன்றாக்கி, தான் பெற்ற ஆண்டுகளையே தின்னும் காலம் என்று விளக்கம் சொன்னார்கள். அந்தச் சொல்லாராய்ச்சி பிழையானது. ஆனால் தமிழில் காலம் என்பதும் காலன் என்பதும் ஒரே சொல்லில் பிறந்தவை. உயிரைக் கொண்டுபோக வருபவனுக்கு நேரத்தின் பெயரையே வைத்திருக்கிறோம். பிழையான விளக்கமும் ஓர் உண்மையைத் தொட்டுவிடுவதுண்டு.

விழுங்கும் கதைகளில் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். கத்தியும் அடுப்பும் வந்துவிட்ட கதைகளில் பெரும்பாலும் வருவதில்லை. கிரேக்கத்திலேயே இந்த இரண்டாவது வகை நிறைய உண்டு. அட்ரியஸ் தன் தம்பி தையஸ்டிஸின் பிள்ளைகளை வெட்டிச் சமைத்து அவனுக்கே விருந்து வைத்தான். அந்தச் சாபம் அடுத்த தலைமுறையையும் கொன்றது, கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகங்கள் அந்த வீட்டின் கதைதான். டெரியஸ் என்ற மன்னன் மனைவியின் தங்கை ஃபிலோமெலாவைச் சிதைத்து, வெளியே சொல்லாதபடி அவள் நாக்கை அறுத்தான். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்கா புரோக்னிக்கு அனுப்பினாள். புரோக்னி தன் மகன் இட்டிஸைக் கொன்று கணவனுக்கே பரிமாறினாள். ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், அம்மா அம்மா என்று கழுத்தைக் கட்டிக்கொள்ள வரும் சிறுவனை அவள் முகம் திருப்பாமல் வெட்டுகிறாள். பேச்சு அறுபட்ட வீட்டில் குழந்தையின் அழைப்பும் கேட்காமல் போகிறது. இந்த விருந்துகளில் உண்பவனுக்குத் தட்டில் இருப்பது என்னவென்று தெரியாது. தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

டான்டலஸ் கதையில் மட்டும் ஒரு மாற்றம். அவன் தன் மகன் பெலோப்ஸைச் சமைத்துக் கடவுளர்க்கு வைத்தான். எல்லாரும் கண்டுபிடித்து ஒதுங்கினார்கள். மகளை இழந்த துயரத்தில் மூழ்கியிருந்த டெமிட்டர் மட்டும் கவனிக்காமல் ஒரு தோள்துண்டை உண்டுவிட்டாள். கடவுளர் பெலோப்ஸை மீண்டும் உயிர்ப்பித்து, இல்லாத தோளுக்குத் தந்தத் தோளை வைத்தார்கள். பிள்ளையை இழந்த தாயே இன்னொருவர் பிள்ளையை அறியாமல் உண்கிறாள் என்ற இடம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. கி.மு. 476இல் கவிஞர் பிண்டார் இந்தக் கதையைப் பாட வேண்டிய இடத்தில் பாட மறுத்தார். கடவுளரில் ஒருவரைப் பெருந்தீனிக்காரர் என்று தன்னால் சொல்ல முடியாது, இது பொறாமை கொண்ட அயலார் கட்டிய கதை என்றார். கடவுள் பிள்ளைக்கறி உண்பாரா என்ற கேள்வி அவ்வளவு பழையது.

வேத இலக்கியம் இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து எடுக்கிறது. சதபத பிராமணத்தில் பிரஜாபதி தனியாக இருக்கிறான். தவம் செய்து தன் வாயிலிருந்து அக்னியைப் பெறுகிறான். வாயிலிருந்து பிறந்ததால் அக்னி உண்பவனாகவே பிறக்கிறான். உலகில் அப்போது புல்பூண்டு எதுவும் இல்லை. உண்ணக்கூடியது பிரஜாபதி ஒருவன்தான். பிறந்த பிள்ளை திறந்த வாயோடு தந்தையை நோக்கித் திரும்புகிறது. தந்தை நடுங்குகிறான். அவனுடைய பேச்சு அச்சத்தால் அவனை விட்டுப் பிரிகிறது. பிரிந்து நின்ற அந்தப் பேச்சே, ஆகுதி செய் என்று அவனுக்குச் சொல்கிறது. அவன் உள்ளங்கைகளைத் தேய்த்து, அதிலிருந்து வந்ததை நெருப்பில் இடுகிறான். உள்ளங்கையில் மயிர் முளைக்காததற்கு அதுவே காரணம் என்கிறது நூல். தந்தை பிழைத்தான், வேள்வி பிறந்தது.

பிருகதாரணியக உபநிடதத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் இருந்தது பசியாகிய மரணம். மரணத்துக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது, அதுதான் ஆண்டு. பிறந்ததும் தந்தை அதைத் தின்ன வாயைத் திறக்கிறது. குழந்தை ‘பாண்’ என்று அலறுகிறது. அந்த அலறலே பேச்சானது. தந்தையின் மனம் உருகியதாக நூல் சொல்லவில்லை. இவனைத் தின்றால் கிடைப்பது கொஞ்சம் உணவுதானே என்று மரணம் எண்ணுகிறது. ஆகவே அந்தப் பேச்சைக் கொண்டு உலகம் முழுவதையும் படைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்குகிறது. இவ்வளவு அஞ்சாமல் உலகத்தைப் பார்த்த எழுத்து குறைவு. உண்பவனுக்கும் உண்ணப்படுபவனுக்கும் நடுவே முதன்முதலில் தோன்றியது ஒரு குழந்தையின் குரல் என்பதை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார்.

மகாபாரதத்தின் வனபருவத்தில் சோமகன் என்ற மன்னனுக்கு நூறு மனைவியர் இருந்தும் ஒரே மகன், பெயர் ஜந்து. ஒரு பிள்ளை போதாது என்று மன்னன் வருந்த, அந்தப் பிள்ளையை வேள்வியில் இட்டு, எழும் புகையைத் தாய்மார் முகர்ந்தால் நூறு பிள்ளைகள் பிறக்கும் என்று புரோகிதர் சொல்கிறார். தாய்மார் குழந்தையின் வலக்கையைப் பிடித்து இழுத்து அழுகிறார்கள். புரோகிதர் இடக்கையைப் பிடித்து இழுக்கிறார். வேள்வி நடந்துவிடுகிறது. நூறு பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஜந்துவே தன் தாயின் வயிற்றில் விலாவில் பொன்மறுவோடு மறுபடி பிறக்கிறான். புரோகிதர் நரகத்துக்குப் போகிறார். இவர் எனக்காகச் செய்ததுதானே என்று மன்னனும் அந்த நரகத்தைப் பகிர்ந்துகொள்கிறான். வாயால் உண்பது இங்கே மூச்சால் உண்பதாகிவிட்டது, உண்டது கருவாகிவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகே சிறுத்தொண்டர் வீட்டு வாசலில் நிற்கத் துணிவு வருகிறது. பெரிய புராணத்தில் எத்தனை முறை படித்தாலும் மனம் பழகாத பகுதி அது. சிறுத்தொண்டரின் இயற்பெயர் பரஞ்சோதி. பல்லவர் படையை நடத்திச் சென்று சாளுக்கியரின் வாதாபியை அழித்தவர். நரசிம்மவர்மன் காலத்தில், 642 அளவில் நடந்த போர் அது. பிறகு படைத்தொழிலை விட்டு, திருமருகலுக்கு அருகிலுள்ள திருச்செங்காட்டங்குடியில், அடியாருக்கு அமுது படைக்காமல் தாம் உண்பதில்லை என்ற நோன்போடு வாழ்ந்தார். மனைவி திருவெண்காட்டு நங்கை, மகன் சீராளன், பணிப்பெண் சந்தன நங்கை. வடநாட்டிலிருந்து வருவதாகச் சொல்லி ஒரு பைரவர் வந்து ஆத்தி மரத்தடியில் அமர்கிறார். தாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உண்பவர் என்றும், உண்பது நரப்பசு என்றும் சொல்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை வேண்டும், உறுப்பில் குறையிருக்கக் கூடாது, அந்தக் குடிக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், இருவரும் மனம் மகிழ்ந்தே செய்ய வேண்டும்.

கிரேக்க விருந்துகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரிகிறது. இந்த வீட்டில் தட்டில் இருப்பது என்னவென்று தெரியாதவர் யாருமில்லை, குழந்தையைத் தவிர. பள்ளியிலிருந்து அழைத்து வரப்பட்ட சீராளன், தாய் மடியில் கால்களைப் பிடித்துக்கொள்ளும்போது, பெற்றோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எண்ணிச் சிரிக்கிறான். சேக்கிழார் அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. பக்தியின் பெருமையைப் பாட வந்த கவிஞர், அந்தப் பக்தியின் விலையை மறைக்காமல் வைத்த இடம் அதுவென்று நினைக்கிறேன்.

தலைக்கறி அமுதுக்கு ஆகாது என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். தலையையும் நாம் உண்போம் என்கிறார் விருந்தினர். தம்பதியர் திகைத்து நிற்கையில், கேட்டாலும் கேட்பார் என்று அதையும் சமைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள் சந்தன நங்கை. இந்தப் பெண்ணைப் பற்றி உரைகாரர்கள் அதிகம் பேசுவதில்லை. அந்தச் சமையலறையில் அவள் தனியாக அந்தத் தலையோடு இருந்தாள் என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

பிறகு விருந்தினர், தனியே உண்ண மாட்டேன், உடன் உண்ண அடியார் ஒருவர் வேண்டும் என்கிறார். வெளியே தேடியும் எவரும் இல்லை. நானும் நீறு அணிபவன்தான் என்கிறார் சிறுத்தொண்டர். அப்படியானால் நீயே உட்கார் என்கிறார் பைரவர். இலை போடப்படுகிறது. விருந்தினர் உண்ண வேண்டுமே என்று தந்தை முதலில் கை வைக்கிறார். அந்தக் கணத்தில் பைரவர் தடுக்கிறார். ஆறு மாதம் பசித்திருந்த நாம் உண்ணும்வரை, நாள்தோறும் உண்ணும் உனக்குப் பொறுக்க முடியாதா, உன் மகனைக் கூப்பிடு, அவனும் வரட்டும் என்கிறார். இப்போது அவன் உதவான் என்று தந்தை சொல்லியும் விடவில்லை. வெளியே போய்க் கூப்பிடு. தந்தையும் தாயும் வாசலில் நின்று, இல்லாத பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சீராளன் பள்ளியிலிருந்து ஓடி வருபவனைப் போல ஓடி வருகிறான். உள்ளே வந்து பார்த்தால் பைரவர் இல்லை, கலத்தில் கறியும் இல்லை. வானில் சிவன் உமையோடும் முருகனோடும் காட்சி தருகிறான்.

தந்தை, தாய், நடுவே பிள்ளை. பல்லவர் கோயில்களில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்ட சோமாஸ்கந்த வடிவம் இதுதான். பிள்ளையைத் தின்னக் கேட்டவன், பிள்ளையோடு சேர்ந்த குடும்பமாக வந்து நிற்கிறான்.

உணவுக்குப் பிறகு பெயர் சொல்லி அழைப்பது இன்னொரு கதையை நினைவூட்டுகிறது. அரக்கன் இல்வலன் தன் தம்பியை ஆடாக்கிச் சமைத்து அந்தணருக்குப் பரிமாறுவான்; உண்டதும் தம்பியின் பெயரைச் சொல்லி அழைப்பான்; தம்பி அவர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவான். அகத்தியர் உண்டபோது மட்டும் அழைத்தும் தம்பி வரவில்லை; செரித்துவிட்டான். அந்தத் தம்பியின் பெயர் வாதாபி. வாதாபி என்ற ஊரை அழித்தவரின் வீட்டில், உணவுக்குப் பிறகு அழைத்ததும் பிள்ளை வந்துவிடுகிறது, எவர் வயிற்றையும் கிழிக்காமல். சேக்கிழார் இந்த எதிரொலியை எண்ணியே வைத்தாரா என்று நிறுவ வழியில்லை. ஆனால் அகத்தியர் கதையைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது.

இந்தக் கதை எப்போது இப்படி உருவானது என்பதும் ஆராய வேண்டியது. திருஞானசம்பந்தர் செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். பிள்ளைக்கறி அங்கே இல்லை. ஆனால் பெரிய புராணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, பைரவர், சிறுத்தொண்டர், திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகியோருக்குச் செம்புத் திருமேனிகள் செய்து வைத்ததைச் சொல்கிறது. பைரவரும் சீராளரும் சேர்ந்து வருவதால் கதை அப்போதே முழுமையாக இருந்தது என்று கொள்ளலாம். பிறகு அது தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் போனது. ஸ்ரீநாதர் தெலுங்கில் தம் ‘ஹரவிலாசம்’ நூலில் இதைப் பாடினார். டேவிட் ஷுல்மன் 1993இல் எழுதிய ஆங்கில நூல் இதை ஆபிரகாம் மகனைப் பலியிடச் சென்ற கதையோடு வைத்து ஆராய்ந்தது. ஏ.கே. ராமானுஜன், கிரேக்கக் கதைகளில் மகன் தந்தையை வெல்வதையும் இந்தியக் கதைகளில் பெரும்பாலும் மகன் தந்தைக்காகத் தன்னைத் தருவதையும் சுட்டிக்காட்டினார். அந்தக் கருத்து பெருமளவு பொருந்துகிறது. ஆனால் சீராளன் எதையும் தரவில்லை. அவனை எவரும் கேட்கவில்லை. அவன் சிரித்தான், அவ்வளவே. ஆகவே இந்தக் கதையைத் தியாகம் என்ற சொல்லுக்குள் மூடிவிடும்போது அந்தக் குழந்தைக்கு இரண்டாம் முறையும் அநீதி செய்கிறோம்.

அதே பெரிய புராணத்தில் முதலையும் வருகிறது. அவிநாசியில் ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளிக்கப் போகிறார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து சுந்தரர் அந்தத் தெருவில் வரும்போது ஒரு வீட்டில் பூணூல் கலியாண மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. காரணம் கேட்டு, வற்றிய மடுக்கரையில் நின்று பாடுகிறார். மடு நிறைகிறது, முதலை வருகிறது, பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை வருகிறான். குரோனஸின் பிள்ளைகளும் உள்ளே இருந்தே வளர்ந்தவர்கள்தாம். முதலையின் வயிற்றை இறப்பாகப் பார்க்காமல், காத்திருக்கும் இடமாகப் பார்க்க ஒரு கதை துணிந்திருக்கிறது. ஊழி வரும்போது திருமால் உலகை விழுங்கி வயிற்றில் காத்து மீண்டும் உமிழ்கிறான் என்பதை ஆழ்வார்கள் ஓயாமல் பாடியதும் இதே நம்பிக்கையில்தான். அங்கேயும் விழுங்கியவன் ஆலிலையில் கிடக்கும் குழந்தை. மார்க்கண்டேயர் அந்தக் குழந்தையின் வாய்க்குள் போய்த்தான் உலகம் அழியாமல் இருப்பதைக் கண்டார்.

இவையெல்லாம் புராணம் என்று நகர்ந்துவிட முடியாதபடி இந்தச் சொற்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மடியில் கிடக்கும் குழந்தையின் கன்னத்தைப் பிடித்து, அப்படியே கடிச்சுத் தின்னுடுவேன் என்று பாட்டி கொஞ்சுகிறாள். பிரசவத்தில் தாய் இறந்துவிட்டால் அதே வாய், ஆத்தாளை முழுங்கிட்டுப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறது. கருவில் இருக்கும்போது தந்தை விபத்தில் போனாலும் அப்பனை முழுங்கின பிள்ளை. நட்சத்திரம், கிழமை, கொடி சுற்றிப் பிறந்தது என்று ஒவ்வொன்றுக்கும் யாரை விழுங்கும் என்று கணக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. ஓரம்போகியாரின் நண்டு இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் தொட்டில்களின் அருகே ஊர்ந்துகொண்டிருக்கிறது. இரத்தப்போக்காலும் காய்ச்சலாலும் இறந்த தாய்க்குப் பதிலாகப் பழியை ஏற்றுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களில் பலருக்கு அந்தச் சொல்தான் முதலில் கேட்ட தாலாட்டு. கதையில் மரணத்தின் முன்னால் அலறிய குழந்தைக்குப் பேச்சு கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி மற்றவர் பேசியதே மிச்சம்.

திருச்செங்காட்டங்குடியில் இன்றும் சித்திரை மாதம் பரணி நாளில் அமுது படையல் விழா நடக்கிறது. பைரவர் வருகிறார், விருந்து நடக்கிறது, சீராளனை அழைக்கிறார்கள். கூட்டத்தில் பிள்ளையில்லாத பெண்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள். அன்றைக்கு அங்கே தரும் பிரசாதத்துக்குச் சீராளனின் பெயர்தான். முந்தானையில் ஏந்தி வாங்கி, அங்கேயே ஓரமாக நின்று அதை உண்கிறார்கள், கருவுற வேண்டும் என்று.